நூலகத்துக்குள் காணாமற்போன நூலகம்

சென்ற மாதம் எங்கள் ஊர் வாசிகசாலை ஒன்றில் நடந்த சிறு நிகழ்வை முன்வைத்து இதனை எழுதுகிறேன். பழைய கணினி செயலிழந்தது. புலம்பெயர்ந்த அன்பர் ஒருவர் புதிய மடிக்கணினி வாங்கித் தந்தார். பழையதில் ஓடிய நூற்பட்டியல் மென்பொருள் புதியதில் ஓட மறுத்தது. நிகழ்ந்தது இவ்வளவுதான். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். எழுபதுகளில் ஒப்புநோக்குநராகப் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்து, ஈய எழுத்து முதல் ஒருங்குறி வரை தமிழ் எழுத்து அடைந்த மாற்றங்களையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவன் நான். எனக்கு இதில் எழுத நிறையவே இருப்பதாகத் தோன்றுகிறது.

கரவெட்டியை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வடமராட்சியில் நெல்லியடியை ஒட்டிக் கிடக்கும் ஊர். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932இல் பிறந்த மண். தோட்டத்தில் இறைப்பு முடித்துக் கால் கழுவிக்கொண்டு நேரே வாசிகசாலைக்கு வந்து பத்திரிகை விரிக்கும் மனிதர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத நாலு பேர் சுற்றியிருந்து கேட்டு, பின்னர் அந்த நாலு பேரே அதிகமாக விவாதிப்பார்கள். எனக்குப் பத்திரிகைத் தொழிலில் ஆசை பிறந்தது அந்த வாங்கில் இருந்துதான்.

அந்த வாசிகசாலைக்கு 2011ஆம் ஆண்டில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர், அப்போது பல்கலைக்கழக மாணவர், ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். சதம் காசு வாங்கவில்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, யார் இரவல் கொண்டுபோனார் என்ற விவரங்களோடு ‘குறிப்பு’ என்று ஒரு கட்டமும் வைத்திருந்தார். அந்தக் கட்டம் எதற்கென்று அவரே நினைத்துப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அப்போது நூலகராக இருந்த பெரியவர், இப்போது காலமாகிவிட்டார், அந்தக் கட்டத்தைத் தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டே போனார். ‘1987 மே மாதம் வடமராட்சி நடவடிக்கையின்போது சாக்கில் கட்டிக் கிணற்றடிக் கொட்டிலில் வைத்துக் காப்பாற்றியது.’ ‘முதல் நாற்பது பக்கம் கறையான், மிச்சம் நல்ல நிலை.’ ‘1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆசிரியை ஒருவர் போகும்போது தந்துவிட்டுப் போனது.’ இப்படிச் சில ஆயிரம் நூல்களில் பலவற்றுக்கு ஒவ்வொரு வரி. நூல்களின் பட்டியல் என்று தொடங்கியது, ஊரின் வரலாறாகவே ஆகிவிட்டது.

இதுதான் திறக்க மறுத்தது.

என் தங்கையின் மகள் கணினி படித்தவள். அவளைக் கூப்பிட்டோம். கறுப்புத் திரையில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மாமா, இது பழுதாகேல்லை. இதுக்கு வேண்டிய நூலகம்தான் இல்லை.”

“என்ன பிள்ளை சொல்லுறாய்? நாங்கள் நூலகத்துக்குள்ளதானே நிக்கிறம்?”

சிரித்துவிட்டுத் திரையைக் காட்டினாள். பகிர்வு நூலகக் கோப்பு ஒன்றைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவள் அதை விளக்கிச் சொன்ன முறையை, எனக்குத் தெரிந்த அச்சுக்கூடத்தின் மொழியில் வாசகர்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

நாம் திரையில் காணும் பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி ஆகிய எவற்றையும் மென்பொருள் எழுதுகிறவர் தாமே வரைவதில்லை. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்குத் தானே எழுத்து வார்த்துக்கொள்வதில்லை அல்லவா? வார்ப்பகத்தில் வாங்கிய எழுத்தை அறைப்பெட்டியில் நிரப்பி அதிலிருந்து எடுத்துத்தான் கோப்போம். அவ்வாறே பொத்தான் வரையவும், சாளரம் திறக்கவும், எழுத்தைத் திரையில் பதிக்கவும் ஏற்கனவே எழுதிவைத்த நிரல்களின் தொகுதி ஒன்று உண்டு. அதற்கு வரைகலை இடைமுக நூலகம் என்று பெயர். மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரம் அறியும் வடிவுக்கு மாற்றி, இந்த நூலகத்தோடு இணைத்து, ஓடக்கூடிய கோப்பாக ஆக்குவதே தொகுத்தல். பிள்ளைகள் கொம்பைல் என்பார்கள். இணைப்பதில் இரண்டு வழி. நூலகத்தின் வேண்டிய பகுதிகளை மென்பொருளுக்குள்ளேயே அடக்கிவிடுவது ஒன்று. நூலகத்தின் பெயரையும் பதிப்பையும் மட்டும் குறித்துவைத்து, ஓடும் நேரத்தில் கணினியில் இருப்பதைக் கூப்பிட்டுக்கொள்வது மற்றையது. எங்கள் நூற்பட்டியல் இரண்டாம் வகை. அது குறித்துவைத்திருந்த பெயர் கியூட், பதிப்பு 4.

கியூட் நூலகத்தின் நான்காம் பதிப்பு 2005இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2012 டிசெம்பரிலும் ஆறாம் பதிப்பு 2020 டிசெம்பரிலும் வந்தன. லினக்ஸ் வகைகளில் பழம்பெரும் டெபியன், 2021இல் வெளிவந்த தன் 11ஆம் பதிப்பில் கியூட் 4ஐக் கைவிட்டுவிட்டது. அதில் குற்றம் காண எதுவும் இல்லை. பராமரிக்க ஆளில்லாத நிரலை எல்லோருடைய கணினியிலும் வைத்திருப்பது ஆபத்து. வார்ப்பகம் பழைய அச்சை நிறுத்திவிட்டது. எங்கள் பெட்டியில் புதிய அச்சு இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் பழைய அச்சின் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு நிற்கிறது.

“மூலநிரல் இருந்தால் புதிய நூலகத்தோட திரும்பத் தொகுக்கலாம் மாமா. அங்கையிங்கை சில வரி மாத்தவேணும். ஓரிரு நாள் வேலை.”

மூலநிரல் எங்கே? வாசிகசாலையில் இருந்தது தொகுத்து முடித்த கோப்பு மட்டுமே. எழுதியவரை அவுஸ்திரேலியாவில் தேடிப் பிடித்தோம். அன்போடு பேசினார். “ஐயா, அந்த மடிக்கணினி களவு போனது 2013இலை. அதோட எல்லாம் போச்சு. ஒரு பிரதி உங்களிட்டத் தந்திருக்கலாம். ஆரும் கேக்கேல்லை, எனக்கும் தோன்றேல்லை” என்றார். உண்மை. யாரும் கேட்கவில்லை. திறப்புவிழாவில் நாடா வெட்டியவர்கள், மாலை போட்டவர்கள், படம் எடுத்தவர்கள் என்று முப்பது பேர் வந்திருந்தோம். ‘இதன் மூலம் எங்கே?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. மூலப்பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே தொழிலாக இருந்த நானும் அந்த முப்பதில் ஒருவன்.

இனி இந்த விடயத்தின் தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன்.

‘கரவெட்டி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு ஐந்து எழுத்து. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளர் ‘வெ’ என்பதற்கு முதலில் கொம்பை எடுத்து வைத்து, அடுத்ததாக ‘வ’வை வைப்பார். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு அது. பின்னர் கணினி வந்தபோது ஈழத்தமிழர் பெரும்பாலும் கைக்கொண்ட பாமினி எழுத்துருவும் அந்த ஒழுங்கையே பின்பற்றிற்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஏற்பாடு அது. எஃப், யூ, என், ரீ, எல், அரைப்புள்ளி, பீ என்று தட்டினால் திரையில் கரவெட்டி தோன்றும். எழுத்துருவை எடுத்துவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்று எதுவும் இருந்ததில்லை. தமிழ் உடுத்த ஆங்கிலமே இருந்தது. நூலகம் தமிழ் அறியவேண்டிய தேவையும் அப்போது இல்லை.

ஒருங்குறி இதனைத் தலைகீழாக்கிற்று. அங்கே எழுத்துகள் ஒலியின் ஒழுங்கில் சேமிக்கப்படும். கரவெட்டி எட்டுக் குறிகளாக நிற்கும்: க, ர, வ, எகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி. சேமிப்பில் வகரத்துக்குப் பின்னால் உள்ள கொம்பைத் திரையில் முன்னால் கொண்டுவந்து வைக்கவேண்டும். டகரத்தின் தலையில் புள்ளியை ஏற்றவேண்டும். அச்சுக்கோப்பாளரின் விரல்கள் செய்த அந்த வேலை இப்போது யாருடையது? நூலகத்தினுடையது. அந்த நூலகத்துக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அதனோடு தொகுக்கப்பட்ட ஆயிரம் மென்பொருள்களும் தமிழ் காட்டும்; தெரியாவிட்டால் ஆயிரத்திலும் கொம்பு பின்னால் தொங்கும். 2000களின் தொடக்கத்தில் இணையம் பார்த்தவர்களுக்கு அந்தத் தொங்கும் கொம்பும் புள்ளிவட்டமும் மறந்திருக்காது.

ஆகவே தமிழ்க் கணிமையின் உண்மையான களம் எழுத்துருவில் இல்லை, நூலகத்தில் இருந்தது. ஆனால் நமது கூட்டங்களில் பேசப்பட்டது என்ன? எந்தக் குறியேற்றம் சிறந்தது, யாருடைய விசைப்பலகை சரி, எந்த அரசு எதை ஏற்றது என்பவையே. தமிழ்நாட்டு அரசு 1999இல் டாம், டாப் என்ற இரண்டை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியையும் தேஸ்16ஐயும் ஏற்றது. இடையில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் கூடி உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம். இந்த உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. திஸ்கி இல்லாவிட்டால் தொடக்ககாலத் தமிழ் இணையம் இத்தனை வளர்ந்திராது. நான் சொல்லவருவது, அந்த ஆண்டுகளில் நூலகங்களின் உள்ளே சென்று வேலை செய்தவர்கள் வெகு சிலர் என்பதே.

அந்தச் சிலரில் ஒருவர் தமிழரே அல்லர். கியூட் நோர்வேயில் பிறந்த நூலகம். திரோல்ரெக் என்ற நிறுவனம் 1995இல் முதன்முதலாக வெளியிட்டது. அதில் திஸ்கிக்கும் ஒருங்குறிக்கும் இடையே மாற்றம் செய்யும் நிரல் ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதியை எழுதி அன்பளித்தவர் ஹான்ஸ் பீட்டர் பீக்கர் என்று கியூட்டின் ஆவணமே கூறுகிறது. கியூட் ஆறாம் பதிப்பிலும், பழையவற்றுக்கென ஒதுக்கிய பகுதியில், அந்த நிரல் இருக்கிறது. மற்றைய பெரும் நூலகமான ஜிடிகே, 2002இல் வந்த தன் இரண்டாம் பதிப்பில்தான் பாங்கோ என்ற எழுத்தமைப்புப் பகுதியோடு உலக மொழிகளை முறையாகக் காட்டத் தொடங்கியது. பாங்கோவின் தொடக்ககாலத் தமிழ்ப் பகுதியின் மூலநிரலில் 2000ஆம் ஆண்டைக் குறித்து ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. மேடை, மாலை, பொன்னாடை எதுவும் இல்லாத வேலை. ஆனால் அந்தச் சில நூறு வரிகள், ஜிடிகேயோடு தொகுக்கப்பட்ட ஒவ்வொரு மென்பொருளுக்கும் தமிழை ஊட்டின.

இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் செய்கிறது. குரோம், பயர்பொக்ஸ், அண்ட்ரொயிட், லிப்ரே ஒபிஸ் ஆகியவற்றோடு கியூட், ஜிடிகே இரண்டுக்கும் எழுத்தைக் கோத்துக் கொடுப்பது அதுவே. அதனைக் கட்டி எழுப்பியவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஈரானியர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பெயர்கூடப் பாரசீகம், திறந்த எழுத்து என்று பொருள். தம் மொழிக்காகத் தொடங்கிய அக்கறை நம் மொழிக்கும் கைகொடுத்திருக்கிறது. எங்கள் ஊரவர் அதிகம் வாழும் அந்த நகரத்தில், எங்கள் ஊரின் பெயரைப் பிழையின்றிக் காட்டும் நிரலுக்கு உரியவர் படித்திருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது; சற்று வெட்கமும் தருகிறது.

நிற்க. எங்கள் நூற்பட்டியல் என்ன ஆயிற்று?

மருமகள் பழைய வன்தட்டைக் கழற்றி எடுத்தாள். தரவுகள் திறந்த வடிவிலான ஒரு தரவுத்தளக் கோப்பில் இருந்தன. நற்பேறு, மென்பொருளை எழுதிய பிள்ளை அந்த ஒன்றைச் சரியாகத் தேர்ந்திருந்தார். பெரியவரின் குறிப்புகள் அத்தனையும் தப்பின. பழைய லினக்ஸ் பதிப்பொன்றைக் கணினிக்குள் கணினியாக நிறுவி, அதனுள் பழைய மென்பொருளையும் அவள் ஓடவைத்துக் காட்டினாள். பன்னிரண்டு ஆண்டுக்கு முந்திய திரை அப்படியே வந்தது. ஆனால் அதில் ஒரு பொத்தானைக்கூட மாற்ற முடியாது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருள்போல, பார்க்கலாம், தொடமுடியாது.

மாற்றவேண்டியவையும் இருந்தன. ஆசிரியர் பெயரை அகரவரிசைப்படுத்தினால் ஜெயகாந்தன் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே போய் நிற்பார். ஒருங்குறி அட்டவணையில் ஜகரம் அங்கே இருப்பதுதான் காரணம். அதே அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கும். குறி எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் தமிழ் அகராதி ஒழுங்கு கிடைக்காது. பெரியவர் இதனை அறிந்திருந்தார். ‘வரிசை பிழை, திருத்தவேண்டும்’ என்று ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறார். மூலநிரல் கையில் இல்லாததால் அவர் காலமாகும்வரை பிழை திருத்தப்படவில்லை. ஒரு பத்திரிகையில் இந்தப் பிழை மறுநாளே திருத்தப்பட்டிருக்கும்.

வாசிகசாலைக் குழுவில் மூன்று கருத்துகள் எழுந்தன. மூன்றும் நியாயமானவை, ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, காசு கொடுத்து நல்ல நிறுவனத்தின் பொருளை வாங்கிவிடுவோம் என்பது. வாங்கலாம். ஆனால் நிறுவனமும் அழியும், கைமாறும். கியூட்டையே பாருங்கள். திரோல்ரெக்கை 2008இல் நொக்கியா வாங்கியது. பிறகு அது டிஜியாவிடம் போனது. இப்போது தனி நிறுவனம். இத்தனை கைமாறியும் அந்த நூலகம் உலகுக்கு இல்லாமற் போகவில்லை. காரணம், கேடிஈ என்ற தன்னார்வலர் இயக்கம் 1998இலேயே செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். கட்டற்ற பதிப்பை வெளியிடுவதை நிறுவனம் நிறுத்தினால், நூலகத்தை மிகத் தளர்வான உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிடும் அதிகாரம் ஓர் அறநிலையத்துக்கு உண்டு என்பது அதன் சாரம். அந்த ஒப்பந்தத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. 1996இல் கேடிஈ தொடங்கியபோது கியூட்டின் உரிமம் முழுச் சுதந்திரம் தரவில்லை. அதனை ஏற்காதவர்கள் 1997இல் ஜிடிகேயின் மேல் க்னோம் என்ற மாற்று இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்தப் போட்டியும் அழுத்தமும் சேர்ந்து, 2000இல் கியூட் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது. 2009இல் இன்னும் தளர்ந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது, திறப்புவிழாவில் மாலை போட்ட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, மேசைக் கணினி மென்பொருளே பழங்கதை, எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடுவோம் என்பது. இளைஞர்களின் கருத்து இது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் பணியைப் பார்த்தவர்கள் இணையத்தின் பயனை மறுக்கமாட்டார்கள். எங்கள் பட்டியலின் ஒரு பிரதியும் இணையத்துக்குப் போகட்டும். ஆனால் இணைய வழங்கிக்கு மாதாமாதம் காசு கட்டவேண்டும். கட்டுபவர் மறந்தால் பட்டியல் மறையும். இணைப்பு அறுந்த நாளில் இரவல் கொடுக்க முடியாது. எங்கள் மண்ணில் 1990இல் நின்ற மின்சாரத்துக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தோம் என்பதை அறிந்த தலைமுறை நான். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் அந்த நாட்களில்தான். அப்போது எங்களைக் காப்பாற்றியவை திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய பொருட்கள். மூடி முத்திரையிட்ட பொருட்கள் முதல் பழுதிலேயே மூலைக்குப் போயின. இந்தப் பாடத்தை இலவசமாகப் பெற்றவர்கள் அல்லர் நாங்கள், மறப்பது தகாது.

மூன்றாவது, கொப்பியே போதும் என்பது. எனக்கு மிகவும் பிடித்த கருத்து. கறையானும் மழையும் நெருப்பும் இல்லாவிட்டால் கொப்பியே போதும். ஆனால் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களோடு எரிந்தவற்றில் ஒரே பிரதியாக இருந்த சுவடிகளும் உண்டு. ஒன்றாக மட்டும் இருக்கும் எதுவும் பாதுகாப்பானது அன்று. கொப்பியும் அப்படியே, தொகுத்து முடித்த ஒற்றைக் கோப்பும் அப்படியே.

ஆகவே என் கருத்து இது. ஊருக்கு, பள்ளிக்கு, கோயிலுக்கு, வாசிகசாலைக்கு என்று யார் மென்பொருள் எழுதிக் கொடுத்தாலும், இலவசமாயினும் காசுக்காயினும், அதனைத் தொகுக்கும் வல்லமையையும் சேர்த்தே பெற்றுக்கொள்ள வேண்டும். மூலநிரல் வேண்டும். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்போடு, எந்தக் கட்டளைகளால் தொகுக்கப்பட்டது என்று தமிழில் எழுதிய ஒரு பக்கம் வேண்டும். தரவு திறந்த வடிவில் இருக்கவேண்டும். இவை மூன்றையும் பலரும் சொல்வார்கள். நான் நான்காவதாக ஒன்று கேட்கிறேன்: எழுதியவர் அல்லாத ஒருவர், அவருடையது அல்லாத ஒரு கணினியில், அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தொகுத்துக் காட்டவேண்டும். அது முடிந்த பின்னரே நாடா வெட்டவேண்டும். பத்திரிகையில் எழுதியவரே ஒப்புநோக்கினால் பிழை தங்கிவிடும். கண் தான் எழுத நினைத்ததையே வாசிக்கும். இரண்டாவது கண்ணுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் தந்தார்கள். மென்பொருளுக்கு அந்த இரண்டாவது கண், இரண்டாவது கணினியில் நடக்கும் தொகுப்பு.

இது பெரிய படிப்பாளிகளின் வேலை என்று நினைக்கவேண்டாம். மருமகள் ஆறு வாரம் மாலை வேளைகளில் இருந்து, கியூட் ஆறாம் பதிப்பின் மேல் புதிய நூற்பட்டியலை எழுதி முடித்தாள். தமிழ் அகராதி ஒழுங்கில் வரிசை நிற்கிறது. ஜெயகாந்தன் தம் இடத்துக்குப் போய்விட்டார். தொகுக்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதினாள். முதல் முயற்சியில் உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன் அதைப் பார்த்துச் செய்தபோது மூன்றாம் படியில் நின்றுவிட்டான். அவள் தன் கணினியில் எப்போதோ நிறுவிய ஒரு துணைப்பொதியைக் குறிப்பிட மறந்திருந்தாள். நான் சொன்ன இரண்டாவது கண் பிடித்த முதற்பிழை அது. திருத்தி எழுதினாள். மறுபடி தொடங்கினான். கறுப்புத் திரையில் வரிகள் ஓடி முடிந்ததும் சாளரம் திறந்தது. தேடல் பெட்டியில் முதலில் என்ன எழுதட்டும் என்று கேட்டான். ஊரின் பெயரை எழுது என்றேன். கொம்பு வகரத்துக்கு முன்னால், புள்ளி டகரத்தின் தலையில், ஐந்தெழுத்தும் ஒழுங்காக வந்தன.

கியூட் ஆறும் ஒருநாள் பழையதாகும். ஏழோ எட்டோ வரும். மருமகளும் வெளிநாடு போகக்கூடும். அதனைத் தடுக்க நான் யார்? ஆனால் அந்தப் பையன் இருப்பான். அவன் போனாலும் அலுமாரியில் மூலநிரல் அடங்கிய இரண்டு தட்டுகளும், அச்சடித்த அந்த ஒரு பக்கமும் இருக்கும். பெரியவரின் கொப்பியையும் அவற்றோடு வைத்திருக்கிறோம். ‘வரிசை பிழை, திருத்தவேண்டும்’ என்று அவர் எழுதிய வரிக்கு நேரே, ‘திருத்தப்பட்டது’ என்று பையனைக் கொண்டே எழுதி, திகதியும் போடச் செய்தேன்.

கடல் கடந்து வாழும் ஊரவர்க்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கணினி அனுப்புங்கள், நன்றி. அடுத்த முறை அனுப்பும்போது, அதில் ஓடும் மென்பொருளின் மூலம் எங்கே என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை மாலைக்குக் கழுத்தை நீட்டாதீர்கள்.